நாற்பது நல்ல நுரையீரல்கள்

"ஊதச் சொல்றதுக்கா பதினோரு வருசம் படிச்ச?"

இதைக் கேட்டவர் என் தாய்மாமா. பழனிசெட்டிபட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நுரையீரல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து நான் வேலையில் சேர்ந்த வாரம் அது. நோயாளியை ஒரு குழாயில் ஊத வைத்து, அவர் நெஞ்சு எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளப்போம் என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மாமா டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே, "எனக்கும் காத்துதான் தொழிலு. ஒரே வாரத்துல கத்துக்கிட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் கிடையாது. அப்பா சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குகிறார். அதனால் என் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் எனக்குச் சாதாரண எழுத்துகள் அல்ல. இன்றும் சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவற்றை அவசரப்படாமல் எழுதுவேன். இந்தக் கதையில் வரும் தவறுக்கு அந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு.

நெஞ்சுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் செய்யும் வேலை. எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. ஆனால் ஒருவர் பணிக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்துச் செய்ய வேண்டிய தவறை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்தேன். அந்த வகையில் எனக்குத் தகுதி இருக்கிறது.

தேவாரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு ஊர். பாதிக்கு மேல் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள். தினமும் விடியும் முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்னும் மலைச்சாலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். தோட்டத்தில் பறித்த காயை விறகுத் தீயின் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். தீ எரியும் இடத்திலிருந்து தகரக் குழாய்கள் அறைக்குள் ஓடும். குழாய் நன்றாக இருந்தால் சூடு உள்ளேயும் புகை வெளியேயும் போகும். குழாய் எங்கேயும் நன்றாக இருப்பதில்லை. பகலில் அந்த அடுப்புக்கு விறகு தள்ளுவது பெண்கள் வேலை.

வாழ்நாளில் பீடியைத் தொடாத இந்தப் பெண்களின் நுரையீரலை அந்தப் புகை என்ன செய்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. ஒரே தோட்டத்து ஸ்டோரில் பல வருடம் வேலை பார்த்த, நாற்பத்தைந்து வயது தாண்டிய நாற்பது பேரின் பெயர்களை ஜீப் டிரைவர் மூலம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் முகாம்.

நாற்பது பெயர். நாற்பது பேரும் வந்தார்கள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணப் பந்திக்கே அழைத்தவர்கள் அத்தனை பேரும் வருவதில்லை. ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம்ம ஊர்ப் பிள்ளை டாக்டராகி வந்திருக்கிறது என்று எல்லோரும் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பூசையிலிருந்து நேராக வந்ததால் பாதிப் பேர் தலையில் முக்காடு. எல்லோர் கையிலும் ஆதார் அட்டை. அட்டையில் இருக்கும் படத்துக்கும் எதிரே நிற்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்கும் வழக்கம் இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் டெக்னீசியன் முருகேசன் மெஷினில் பெயரையும் வயதையும் ஏற்றினார். அவர்கள் ஊதினார்கள். எப்படி ஊதினார்கள் என்கிறீர்கள். ஒருவர் ஊதிய வேகத்தில் மேசையிலிருந்த காகிதக் கோப்பை உருண்டு விழுந்தது. ஜீப் டிரைவரையும் ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொன்னேன். அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. "வேணாம் மேடம். நேத்துச் சனிக்கெழம, கொஞ்சம் போட்டுருந்தேன்" என்றார்.

ஓரிருவர் லேசாகத் திணறியதைத் தவிர, அத்தனை பேருக்கும் வயதுக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல நுரையீரல். ஒவ்வொருவர் கையிலும் 'நுரையீரல் செயல்பாடு இயல்பானது' என்று அச்சடித்த தாளைக் கொடுத்தேன். கீழே என் கையெழுத்து, எல்லா எழுத்துகளோடும்.

ஏலப் புகை நாம் பயந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை போலும் என்று ஆய்வுச் சுருக்கம் எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு நல்ல நெஞ்சா? நீ பேசாம அந்த ஊருக்கே குடி போயிடலாம்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சென்னை மாநாட்டில் பேச இடம் கிடைத்தது. மறுநாளே மாமா கடை வாசலில் பிளெக்ஸ் எழும்பியது. 'சென்னையை நோக்கிச் செல்லும் நுரையீரல் நாயகியே வருக' என்று வாசகம். செல்கிறேனா வருகிறேனா என்பது அவருக்கே தெளிவில்லை. மூலையில் மாமாவின் படம், என் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

முகாம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். புறநோயாளி வரிசையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பெயர் சவரியம்மாள், வயது ஐம்பத்தைந்து. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். என் கையெழுத்துப் போட்ட தாள்.

"இத மாத்திக் குடுங்கத்தா."

"எதுக்கு மாத்தணும்?"

"அடுப்புல நிக்க முடியல, காய் பொறுக்கிற எடத்துல போடுங்கன்னு சூப்பர்வைசர்ட்ட கேட்டேன். டாக்டர் சீட்டு கொண்டான்னாரு. இதக் கொண்டு போயி நீட்டுனேன். படிச்சிட்டுச் சிரிக்கிறாரு. ஒனக்கு என்னையவிட நல்ல நெஞ்சு சவரியம்மா, இன்னொரு அடுப்பும் சேத்துப் பாக்கலாம்கிறாரு."

"அம்மா, நல்லா இருக்குன்னு வந்ததை நான் எப்படி மாத்துறது? மெஷின் பொய் சொல்லாது."

"மெசினுக்கு என்ன, அதுவா வெறகு தள்ளுது?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். உள்ளே விசில் சத்தம். சளி என்று எழுதினேன். மூச்சிரைக்கிறது என்றால் இதயமாக இருக்கும் என்று இசிஜி எடுக்க அனுப்பினேன். இதயம் நன்றாக இருந்தது. அடுத்த தடவை வந்தபோது இரத்தச் சோகையாக இருக்கும் என்று பரிசோதித்தேன். அதுவும் இல்லை. கடைசியில், படித்தவர்கள் வழி தெரியாதபோது கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"மனசுல எதும் கவலை இருக்காம்மா?"

"இருக்கு."

"என்ன கவலை?"

"மூச்சு விட முடியல."

சத்துமாத்திரை எழுதி அனுப்பினேன்.

மூன்றாவது முறை வந்தபோது முகாம் முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வராந்தாவில் இரண்டு தூணுக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். உட்கார்ந்ததும் முழங்காலில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து, மெதுவாகக் காற்றை விட்டார். இந்தப் படம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என் புத்தகத்திலும் இருந்தது. நான் அதற்கு அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, என் தாளை.

அவர் வாயை மூடுவதற்காகத்தான் முருகேசனை மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். "இப்பவே ஊதுங்க. நீங்களே பாத்துக்கோங்க."

சவரியம்மாள் குழாயை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இளநீர் குடிப்பது போல உறிஞ்சினார்.

"உறிஞ்சக் கூடாது, ஊதணும். போன தடவ மூணு வாட்டி நல்லா ஊதுனீகளே, மறந்து போச்சா?"

"நான் எங்கத்தா ஊதுனேன்? ஊதுனது ஜெசிந்தா."

"ஜெசிந்தா யாரு?"

"எம் மருமக. அன்னைக்கு எனக்கு எந்திரிக்கவே முடியல. அதான் மாத்தாளு அனுப்பி விட்டேன்."

மாத்தாள் என்றால் மாற்று ஆள். ஜீப்பில் போகும் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த இடம் காலியாகப் போகக் கூடாது. வீட்டிலிருந்து மகளோ மருமகளோ போய் அவர் பெயரிலேயே வேலை பார்த்துவிட்டு வருவார். தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரியாத வழக்கமும் இல்லை, எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தி களையெடுக்கப் போவார். பெயர் கொடுத்தால் ஆள் போக வேண்டும். அதுதான் மரியாதை.

"நீங்க மட்டுந்தான் அனுப்புனீகளா?"

"மூச்சு முட்டுனவுக எல்லாரும் அனுப்புனோம். பேரக் குடுத்துட்டு ஆளு வராட்டா ஒங்களுக்கு மனசு சங்கடமால்ல இருக்கும். நம்ம பக்கத்துப் புள்ள, மெனக்கெட்டு வந்துருக்கு."

பிறகு முருகேசனும் நானும் ஒவ்வொரு பெயராக விசாரித்தோம். பதினேழு பேர். மூச்சு நன்றாக இருந்தவர்கள் நேரில் வந்திருக்கிறார்கள். மூச்சு கெட்டவர்கள் மருமகள்களை அனுப்பியிருக்கிறார்கள். புகையில் இருபது வருடம் நின்ற நெஞ்சைப் பற்றி நான் எழுதிய ஆய்வு, கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆன பெண்களின் நெஞ்சைப் பற்றியது. இதைவிடக் கச்சிதமாக ஒரு ஆய்வைக் கெடுக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால்கூட முடிந்திருக்காது.

முருகேசன் தலையைச் சொறிந்தார். "எனக்கு அன்னைக்கே லேசா டவுட்டு மேடம். அம்பத்தஞ்சு வயசுன்னு போட்டுருக்கு, கையெல்லாம் மருதாணி, மடியில பால்குடிப் பிள்ள."

"ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். மருதாணியை என் கண்ணும் பார்த்திருக்கும். ஆனால் பக்கத்தில் பார்த்த ஒருவர் சொல்ல முடியாதபடி என் முகம் இருந்திருக்கிறது. உங்கள் டெக்னீசியனுக்குச் சந்தேகம் வந்தால் உடனே உங்களிடம் சொல்லத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை.

மருந்து எடுக்கும் விதத்தை நோயாளிகளைச் செய்து காட்டச் சொல்லாதவள் அல்ல நான். முதல் வருடமே ஒரு பாடம் கிடைத்தது. பெரியகுளத்து மாந்தோப்புக்காரர் ஒருவருக்குச் சிறு கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய மருந்து மாத்திரைகளைக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து, "மருந்து கேக்கலியே" என்று வந்தார். எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றி விழுங்கினார். "அப்ப அந்தக் கருவி?" "அது பேரன்ட்ட இருக்கு. விசில் நல்லா வருது." அன்றிலிருந்து மருந்து எழுதிய யாரையும் செய்து காட்டச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. ஆனால் என் சொந்த ஆய்வு என்று வந்தபோது அந்தப் புத்தி எங்கேயோ போய்விட்டது.

சவரியம்மாள் நான்காவது முயற்சியில் ஒழுங்காக ஊதினார். நல்ல நெஞ்சு என்றால் திரையில் கோடு மேலே ஏறி நேராகச் சரியும். இவருடைய கோடு கொஞ்சம் ஏறி, யாரோ உட்கார்ந்து எழுந்த கயிற்றுக் கட்டில் போல நடுவில் குழிந்து கிடந்தது. புகையால் நாள்பட்டுக் கெட்ட நுரையீரல். சந்தேகத்துக்கு இடமில்லை.

"பாஸா பெயிலாத்தா?"

"பெயில்."

"அப்பாடா. எழுதிக் குடுங்க."

நான் எழுத ஆரம்பித்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'முகாமுக்குப் பிறகு நோய் விரைவாக முற்றியிருக்கிறது' என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். சவரியம்மாளுக்கு அடுப்பிலிருந்து விடுதலை. எனக்குச் சென்னை. மாமாவுக்குப் பிளெக்ஸ். யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரித் தெரியும். அந்த வாக்கியத்தை நான் டைப் செய்தேன். மறைக்கவில்லை, செய்தேன்.

எதிரே அவர் ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். "என்னத்தா யோசிக்கிறீக? பெயிலுன்னு எழுத எம்புட்டு நேரம்?"

ஏழு வாரமாக என் கையெழுத்தின் பேரில் இந்த அம்மா புகைக்கு முன்னால் நின்றிருக்கிறார். இன்னும் பதினாறு பேர் வீட்டில் அதே தாள் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. நான் சென்னையில் போய்ப் பேசினால், அந்த மலையில் எந்த ஸ்டோரிலும் எந்தப் பெண்ணும் இனி அடுப்பை மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது. டாக்டரே சொல்லிவிட்டார் என்பார்கள். வாக்கியத்தை அழித்தேன். 'முந்தைய சான்று தவறு. அன்று பரிசோதிக்கப்பட்டவர் இவர் அல்ல. ஆளைச் சரிபார்க்காதது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்கு உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து, செய்து காட்டச் சொன்னேன். அன்று மாலையே மாநாட்டுக்காரர்களுக்கு, ஆய்வைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன்.

துறைத் தலைவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஊருக்கே குடி போன்னு சொன்னேனே, அதைப் பாராட்டுன்னா நெனச்ச?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவுகளாக் கண்டுபிடிச்சாகளா, நீயாச் சொன்னியா?"

"நானாச் சொன்னேன் மாமா."

"அப்ப அதுக்கும் ஒரு பிளெக்ஸ் வைப்போம்."

வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினேன்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். நான்கு நாளில் சவரியம்மாள் என் புதிய தாளோடு திரும்பி வந்தார். சூப்பர்வைசர் நம்பவில்லை. கேரளத்துக் கட்டப்பனைப் பக்கத்துக்காரர், முறையான மனிதர். ஒரே டாக்டர் ஒரே ஆளுக்கு இரண்டு விதமாக எழுதினால் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தாளில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. நான் கெடுத்து வைத்த பெயரை இன்னொரு தாள் சரி செய்யாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும் முன்னால் ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர், பதினேழாவதாக என் மடியில் மெஷின். வளைவுக்கு வளைவு யாருடைய முழங்கையோ என் விலாவைப் பரிசோதித்தது. "டாக்டரம்மாவுக்கு மூச்சு முட்டுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "முட்டுனாச் சொல்லுங்க, ஊதிப் பாத்துருவோம்."

ஸ்டோருக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. ஏலக்காய் வாசனையும் ஈர விறகுப் புகையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்தன. அடுப்பறையை ஒட்டி, நடுவில் ஒரு ஜன்னலோடு சூப்பர்வைசரின் அறை. அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் பதினாறு வருடமாக வேலையை மேற்பார்க்கிறார்.

"முன்னே நல்லதுன்னு எழுதி, இப்போ மோசம்னு எழுதி. ஏதா சரி டாக்டரே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"ரெண்டாவதுதான் சரி. முதல்ல எழுதுனது என் தப்பு. உங்க கண் முன்னாலேயே ஊதச் சொல்றேன், பாருங்க."

சவரியம்மாள் ஊதினார். குழிந்த கட்டில் திரையில் வந்தது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "இது மெஷினோட குழப்பம் ஆயிருக்கும். நல்ல ஆளுக்கு எப்படி வரும்?"

"நீங்களே ஊதிக் காட்டுங்க சார். உங்களுக்குப் பழக்கம் எதும் உண்டா?"

"பீடி இல்லா, சிகரெட் இல்லா, ஒண்ணும் இல்லா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊதினார்.

திரையில் இன்னொரு கட்டில் வந்தது. சவரியம்மாளுடையதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இன்னும் இருமுறை ஊதினார். கட்டில் அசையவில்லை. உலர்த்திய காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சவரியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல யாராச்சும் இருந்தா மாத்தாளு அனுப்புங்க சார். நல்லா வரும்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "காலையில எழும்புனா கொஞ்சம் சும உண்டு, அதாவது இருமல். குளிருன்னு நெனச்சேன்" என்றார். அந்த நிமிடம் அவர் என் நோயாளி. அவருக்கும் மருந்து எழுதினேன், செய்து காட்டச் சொன்னேன்.

பெண்களின் இருமலுக்கு வருடக்கணக்காக அசையாத தகரக் குழாய், அவருடைய இருமலுக்குப் பத்தே நாளில் மாறியது. புகைபோக்கி கூரைக்கு மேலே போனது. ஜன்னலும் அடைபட்டது. இதில் எனக்குக் கசப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் மாறியது. சவரியம்மாள் இப்போது காய் பொறுக்குகிறார். அவர் நுரையீரல் பழையபடி ஆகாது, அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். இனிக் கெடுவது மெதுவாகும். வராந்தாவில் தூணுக்குத் தூண் நிற்பதில்லை. மற்ற பதினாறு பேரையும் முருகேசனும் நானும் வீடு வீடாகப் போய், முகத்தைப் பார்த்து ஊதச் செய்து, பழைய தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

அந்த ஊரிலிருந்து வேறு தோட்டங்களுக்கு இன்னும் ஐந்து ஜீப்புகள் போகின்றன. அங்கே குழாய் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது ஜீப்பின் டிரைவரிடம் நேற்றுப் பேசி, வரும் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு இடம் பிடித்துவிட்டேன். ஒன்று எனக்கும் மெஷினுக்கும். மற்றதற்கு உங்களில் ஒருவர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். யார் என்று முருகேசன் சொல்வார். ஜீப் நாலரை மணிக்குக் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. மேலே குளிரும், தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.